பழைய டிஸ்க்கைப் புதிய பெட்டி ஏற்குமா?

2006 நவம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த, டிவியில் இணைத்து விளையாடும் சோனியின் வீடியோ கேம் கன்சோலான முதல் பிளேஸ்டேஷன் 3-க்குள் இரண்டு கன்சோல்கள் இருந்தன என்று சொன்னால் அது மிகையாகாது. புதிய செல் புராசஸருக்கும் ஆர்எஸ்எக்ஸ் கிராஃபிக்ஸ் சிப்புக்கும் அருகே, முந்தைய தலைமுறையான பிளேஸ்டேஷன் 2-ஐ இயக்கிய எமோஷன் எஞ்சின் என்ற புராசஸரும் கிராஃபிக்ஸ் சிந்தசைசர் என்ற கிராஃபிக்ஸ் சிப்பும் ஒரே சிப்பாகச் சுருக்கப்பட்டு அதே போர்டில் பொருத்தப்பட்டிருந்தன. பிளேஸ்டேஷன் 2 டிஸ்க் ஒன்றை உள்ளே செலுத்தினால் அந்தப் பழைய சிப் விழித்துக்கொண்டு விளையாட்டை இயக்கும். 2007 மார்ச்சில் ஐரோப்பாவுக்கு வந்த மாடலில் எமோஷன் எஞ்சின் காணாமற்போய், அதன் வேலையை மென்பொருள் ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வெளியான 40 ஜிபி மாடலில் கிராஃபிக்ஸ் சிந்தசைசரும் இல்லை. பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்கைப் போட்டால் இந்தப் பெட்டியில் அது ஓடாது என்ற அறிவிப்பு மட்டுமே திரையில் வந்தது. அடுத்தடுத்து வந்த மாடல்களில் அந்த வசதி படிப்படியாக முற்றிலும் மறைந்துவிட்டது.

அமெரிக்காவில் முதல் மாடல்களின் விலை 499, 599 டாலர்களாக இருந்தது. அந்த விலையிலும் சோனி நட்டத்தில்தான் விற்றுக்கொண்டிருந்தது என்பது அப்போதே ஊரறிந்த செய்தி. செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் முதலில் கழற்றி எறியப்பட்டது பழைய சிப். வணிகக் கணக்கில் இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் புதிய கன்சோல் பழைய விளையாட்டுகளை ஏற்றுக்கொள்ளும் தன்மையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் இந்தப் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இதில் விஷயம் அப்பட்டமாகத் தெரிகிறது. பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி என்று நாம் பேச்சில் சொல்லும் இந்தப் பின்னோக்கு இணக்கத்துக்கு எப்போதும் ஒரு செலவு உண்டு. அதைத் தயாரிப்பாளர் ஏற்கிறாரா, ஏற்கெனவே ஒருமுறை பணம் கொடுத்தவர் தலையில் கட்டுகிறாரா என்பதுதான் ஒவ்வொரு தலைமுறையிலும் எழும் உண்மையான கேள்வி.

இந்தச் செலவை மிக நேர்த்தியாகக் கையாண்டதும் அதே சோனிதான். 1994 டிசம்பரில் வந்த முதல் பிளேஸ்டேஷனின் புராசஸர், ஆர்3000 குடும்பத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ 33.9 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கிய ஒரு சிப். 2000 மார்ச்சில் வந்த பிளேஸ்டேஷன் 2-இல் அந்தச் சிப்பை வெறும் அருங்காட்சியகப் பொருளாக வைக்காமல் வேலைக்கு அமர்த்தினார்கள். புதிய விளையாட்டு ஓடும்போது கன்ட்ரோலர், மெமரி கார்டு, டிஸ்க் டிரைவ் போன்ற உள்ளீடு வெளியீட்டு வேலைகளை அது பார்த்துக்கொள்ளும். பழைய டிஸ்க் உள்ளே வந்தால் தன் பூர்விக வேலைக்குத் திரும்பி அந்த விளையாட்டை இயக்கும். எப்படியும் தேவைப்படுகிற ஒரு பாகம் பழைய விளையாட்டுகளின் நூலகத்தையும் சுமந்ததால் கூடுதல் செலவு மிகக் குறைவு. பழைய மெமரி கார்டும் பழைய கன்ட்ரோலரும்கூட அதே துளைகளில் பொருந்தின.

அந்தக் கன்சோலின் முதல் மெனுவில், பெரும்பாலானோர் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில், பழைய விளையாட்டுகளுக்கென்று இரண்டு அமைப்புகள் இருந்தன. ஒன்று டிஸ்க் சுழலும் வேகத்தைக் கூட்டுவது, இன்னொன்று கட்டம்கட்டமாகத் தெரியும் பரப்புகளை மழுங்கச் செய்து சற்றே வழவழப்பாகக் காட்டுவது. இரண்டுமே இயல்பாக அணைந்த நிலையில்தான் இருக்கும். கூடுதல் வேகம் கையில் இருந்தும் அதை ஏன் அணைத்து வைத்தார்கள் என்பதற்கான விடை, இந்தத் துறையின் பொறியாளர்கள் இன்றுவரை மல்லுக்கட்டும் சிக்கலுக்கே நம்மை இட்டுச்செல்கிறது. பழைய விளையாட்டுகள் தாம் ஓடும் எந்திரத்தின் வேகத்தை இயற்கை விதியைப் போல நம்பி எழுதப்பட்டவை. டிஸ்க்கிலிருந்து ஒரு காட்சி வந்து சேர இவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட்டு எழுதிய நிரலுக்கு அது பாதி நேரத்திலேயே வந்துவிட்டால், ஒலி ஒரு பக்கமும் படம் ஒரு பக்கமும் போகலாம், அல்லது ஆட்டமே உறைந்துபோகலாம். புதிய எந்திரம் வேகமானது என்பது இங்கே அனுகூலமன்று, தொல்லை.

கையடக்கக் கன்சோல்களில் நிண்டெண்டோ செய்த வேலையும் இதற்கு இணையானதே. 2001-இல் வந்த கேம் பாய் அட்வான்ஸில் புதிய ஏஆர்எம் புராசஸரோடு பழைய கேம் பாயின் எட்டு பிட் புராசஸரும் உள்ளே இருந்தது. இரண்டில் எது இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது கார்ட்ரிட்ஜ் செருகும் பள்ளத்தின் உள்ளே இருந்த ஒரு சின்ன சுவிட்ச். பழைய கார்ட்ரிட்ஜின் விளிம்பு அந்தச் சுவிட்சை அழுத்தும். புதிய கார்ட்ரிட்ஜில் அந்த இடம் வெட்டிவிடப்பட்டிருந்ததால் அழுத்தாது. அழுத்தினால் 5 வோல்ட், பழைய புராசஸர்; அழுத்தாவிட்டால் 3.3 வோல்ட், புதிய புராசஸர். மென்பொருளோ இணைய இணைப்போ யாருடைய அனுமதியோ தேவைப்படாத இணக்கம் அது. பழைய விளையாட்டு அகலம் குறைந்த படமாகத் திரையின் நடுவில் தெரியும். பக்கவாட்டில் உள்ள எல், ஆர் பட்டன்களால் அதை இழுத்து நீட்டவும் செய்யலாம். நீட்டினால் முகங்கள் சப்பையாகத் தெரிந்தாலும், எப்படிப் பார்க்க வேண்டும் என்ற முடிவு விளையாடுபவர் கையில் இருந்தது.

தொண்ணூறுகளில் நம்மூர்க் கடைகளில் வாங்கிய 'டிவி கேம்' பெட்டிகளில் பெரும்பாலானவை நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கன்சோலின் நகல்கள் என்பதால், எந்தக் கடையில் வாங்கினாலும் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக் 'கேசட்' அதில் ஓடியது. இணக்கம் என்ற ஒன்று இல்லாமல் போகக்கூடும் என்பதே எங்கள் தலைமுறைக்குப் பிளேஸ்டேஷன் காலத்துக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

பிளேஸ்டேஷன் 3-க்குத் திரும்புகிறேன். சிப்பை எடுத்துவிட்டு அதன் வேலையை, பழைய எந்திரத்தைப் போல நடிக்கும் மென்பொருளிடம், அதாவது எமுலேட்டரிடம், கொடுத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அது அவ்வளவு எளிதன்று. பிளேஸ்டேஷன் 2-இன் கிராஃபிக்ஸ் சிந்தசைசருக்குள்ளேயே 4 எம்பி நினைவகம் பதிக்கப்பட்டிருந்தது. அளவு சொற்பம்தான், ஆனால் அந்த நினைவகத்தோடு அது நொடிக்கு 48 ஜிபி வேகத்தில் தரவைப் பரிமாறிக்கொள்ளும். அந்தக் கால விளையாட்டுகளை எழுதியவர்கள் இந்த வேகத்தை மனத்தில் வைத்து, புகை, மழை, நீர், ஒளிச்சிதறல் ஆகியவற்றை அடுக்குமேல் அடுக்காகத் திரையில் பூசித் தள்ளினார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து வந்த பிளேஸ்டேஷன் 3-இன் கிராஃபிக்ஸ் நினைவக வேகம் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. மற்ற எல்லா வகையிலும் பன்மடங்கு வலிமையான ஓர் எந்திரம், இந்த ஒரு விஷயத்தில் தன் முன்னோரிடம் தோற்றது. ஐரோப்பிய மாடலில் எமோஷன் எஞ்சினை எடுத்தவர்கள் கிராஃபிக்ஸ் சிந்தசைசரை மட்டும் விட்டுவைத்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2011 அக்டோபரில், 'பிஎஸ்2 கிளாசிக்ஸ்' என்ற பெயரில் பழைய விளையாட்டுகள் பிளேஸ்டேஷன் 3-இன் இணையக் கடையில் விற்பனைக்கு வரத் தொடங்கின. அவை பழைய சிப் இல்லாத மாடல்களிலும் ஓடின. மென்பொருளால் முடியாது என்றிருந்தது, விளையாட்டுக்கு விளையாட்டு சோதித்துச் சரிசெய்தால் முடியும் என்றாகிவிட்டது. அந்த உழைப்புக்கு விலை வைப்பதில் தவறில்லைதான். ஆனால் அலமாரியில் அதே விளையாட்டின் அசல் டிஸ்க்கை வைத்திருந்தவருக்கும் புதிதாக வாங்குபவருக்கும் ஒரே விலை வைத்ததை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

பிளேஸ்டேஷன் 3-இன் செல் புராசஸர் அடுத்த தலைமுறைக்கும் வினையாக முடிந்தது. ஒரு தலைமைக் கோர் (கணிக்கும் அலகு), அதன் கீழே விளையாட்டுகளுக்கென ஆறு துணைக் கோர்கள், ஒவ்வொன்றுக்கும் 256 கேபி அளவில் தனித்தனி நினைவகம் என்ற விநோதமான கட்டமைப்பு அது. அதற்குப் பழகவே விளையாட்டு நிறுவனங்களுக்கு ஆண்டுகள் பிடித்தன. பழகி முடித்தபோது கன்சோலின் ஆயுள் முடிந்துவிட்டது. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4 சாதாரணக் கணினிகளின் எக்ஸ்86 வழிக்கு மாறியதும், செல் புராசஸருக்காக எழுதப்பட்ட அத்தனையும் அநாதையாயின. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' 2013-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது. 2014-இல் மெருகேற்றப்பட்டு பிளேஸ்டேஷன் 4-க்கு மீண்டும் விற்கப்பட்டது. 2022-இல் முழுக்கப் புதுப்பிக்கப்பட்டு பிளேஸ்டேஷன் 5-க்கு இன்னொரு முறை விற்கப்பட்டது. பேர் பெற்ற விளையாட்டு என்பதால் அதற்கு இந்த யோகம். பேர் பெறாதவை பழைய பெட்டியோடு தங்கிவிட்டன.

2013-இல் எதிரணியான மைக்ரோசாஃப்டும் இதே மனநிலையில்தான் இருந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல் பழைய விளையாட்டுகளை ஏற்காது என்று அறிவித்தபோது, அப்போது அந்தப் பிரிவின் தலைவராக இருந்த டான் மேட்ரிக், பின்னோக்கிய இணக்கத்தை நாடுவதே பின்தங்கிய சிந்தனை என்ற பொருளில் ஒரு சிலேடையை உதிர்த்தார். இரண்டே ஆண்டுகளில் அந்த நிலைப்பாட்டை மைக்ரோசாஃப்ட் தலைகீழாக மாற்றியது. 2015 ஜூனில் அந்தப் பிரிவின் புதிய தலைவர் ஃபில் ஸ்பென்சர் மேடையில் அறிவிக்க, நவம்பரில் 104 விளையாட்டுகளோடு, முந்தைய தலைமுறையான எக்ஸ்பாக்ஸ் 360-உடனான இணக்கம் வந்தது. வணிகத்தில் பின்தங்கியிருந்த கட்டாயம் இதன் பின்னால் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. நல்ல காரியங்கள் பலவும் போட்டியின் நெருக்குதலால்தான் நடக்கின்றன.

அதைச் செய்த விதம் பொறியியல் சாதனை. 360-இன் பவர்பிசி புராசஸருக்கு எழுதப்பட்ட நிரலை எக்ஸ்86 புராசஸரில் ஓட்ட வேண்டும். அதற்காக 360-இன் இயங்குதளத்தையே ஒரு மெய்நிகர் எந்திரமாக எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்குள் நிறுவினார்கள். ஆட்டத்தின் நடுவே கன்ட்ரோலரின் வியூ, மெனு ஆகிய இரு பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால், 2005-ஆம் ஆண்டுக் கன்சோலின் கைடு மெனு பழைய எழுத்துருவோடும் பழைய ஒலியோடும் திரையில் வந்து நிற்கும். புதிய பெட்டிக்குள் பழைய பெட்டி தான் இன்னும் 360 என்று நம்பிக்கொண்டு ஓடுகிறது. முதன்முறை அதைப் பார்த்தபோது ஆட்டத்தை மறந்துவிட்டு அந்த மெனுவிலேயே உலவிக்கொண்டிருந்தேன்.

ஆனால் டிஸ்க்கைச் செருகும்போது உண்மையில் நடப்பது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். டிஸ்க்கில் உள்ள நிரல் ஓடுவதில்லை. எந்த விளையாட்டு என்று டிஸ்க்கைப் பார்த்துக் கண்டுகொண்டு, புதிய கன்சோலுக்கேற்பக் கட்டமைக்கப்பட்ட முழு விளையாட்டையும் மைக்ரோசாஃப்டின் சர்வரிலிருந்து கன்சோல் பதிவிறக்கம் செய்கிறது. நம் கையில் உள்ள டிஸ்க் வெறும் உரிமைச்சீட்டு. அப்படி மாற்றிக் கட்டமைத்து விநியோகிப்பதற்கு அந்த விளையாட்டின் வெளியீட்டாளர் சம்மதிக்க வேண்டும். அதில் உள்ள பாடல்கள், கார் மாடல்கள், விளையாட்டு வீரர்களின் உருவங்கள் ஆகியவற்றின் உரிமங்கள் உயிரோடு இருக்க வேண்டும். வெளியிட்ட நிறுவனமே மூடப்பட்டிருந்தால் கையெழுத்துப் போட ஆளில்லை. 2021 நவம்பரில் எழுபதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகளை ஒரே தவணையாகச் சேர்த்த மைக்ரோசாஃப்ட், உரிமம், சட்டம், தொழில்நுட்பம் ஆகிய காரணங்களால் இதற்குமேல் சேர்க்க முடியாது என்று சொல்லிப் பட்டியலை முடித்துவிட்டது. 360-க்கு வந்தவற்றில் பெரும்பகுதி அந்தப் பட்டியலில் இடம்பெறவே இல்லை. கேம் பாய் அட்வான்ஸின் சுவிட்சோடு இதை ஒப்பிட்டால், இணக்கம் என்ற ஒரே பெயரில் நமக்குக் கிடைப்பவை எவ்வளவு வேறுபட்டவை என்பது விளங்கும். முன்னதில் பெட்டியும் கார்ட்ரிட்ஜும் இருந்தால் போதும். பின்னதில் சர்வரும் ஒப்பந்தங்களும் இருக்கும்வரைதான் எல்லாம்.

இருந்தும் இந்த வழியில் ஒரு பெரிய நன்மை உண்டு. 2010-இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' அதற்குச் சரியான சான்று. 2016-இல் அது எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் இணக்கப் பட்டியலில் சேர்ந்தது. 2018-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் கன்சோலில் அதே பழைய விளையாட்டு 4கே தெளிவில் ஓடும்படி இலவசமாக மேம்படுத்தப்பட்டது. பழைய 360 டிஸ்க்கை வைத்திருந்தவர் ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்கவில்லை. பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்கள் 2023 ஆகஸ்ட் வரை காத்திருந்து, ஏறத்தாழ 50 டாலர் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. பதின்மூன்று ஆண்டுப் பழைய விளையாட்டு, இரண்டு கன்சோல்கள், இரண்டு வகை வாடிக்கையாளர்கள். செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இதற்கு எதிராக வழக்கமாக வைக்கப்படும் வாதம், கேட்பவர்கள் பலர், பயன்படுத்துபவர்கள் சிலர் என்பது. 2017-இல் தொழில்நுட்பச் செய்தித் தளமான ஆர்ஸ் டெக்னிகா எக்ஸ்பாக்ஸ் ஒன் பயனர்களின் தரவுகளை ஆராய்ந்து, பழைய 360 விளையாட்டுகளில் செலவான நேரம் மொத்தத்தில் ஏறத்தாழ 1.5 விழுக்காடுதான் என்று எழுதியது. அதே சமயத்தில் சோனியின் உயர் அதிகாரி ஜிம் ரயன், 'கிரான் டூரிஸ்மோ' கார்ப் பந்தய வரிசையின் பழைய ஆட்டங்களையும் புதியதையும் அருகருகே பார்த்த அனுபவத்தைச் சொல்லி, அந்தப் பழையனவற்றை யார் விளையாடப்போகிறார்கள் என்று வியந்தார்.

விளையாடிய மணிநேரத்தை வைத்து இதன் மதிப்பை அளப்பதே பிசகு என்பது என் கட்சி. வீட்டு நூலகத்தில் உள்ள புத்தகங்களை எத்தனை மணிநேரம் புரட்டுகிறோம் என்று கணக்கெடுத்தால் அதுவும் சொற்ப விழுக்காடுதான் தேறும். கன்சோல் வெளியாகும் நாளில் அதற்கென்று புதிய விளையாட்டுகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும். அந்த வறட்சியான முதல் ஆண்டைத் தாண்ட உதவுவது பழைய நூலகம். எந்தக் கன்சோலை வாங்குவது, எந்த நிறுவனத்தோடு தொடர்வது என்ற முடிவில் அது செலுத்தும் செல்வாக்கு எந்த மணிநேரக் கணக்கிலும் வராது. இரண்டு தலைமுறை விளையாட்டுகளைச் சேர்த்து வைத்தவர் மூன்றாவது தலைமுறையிலும் அதே நிறுவனத்தின் கன்சோலை வாங்குவதற்கு அவர் அலமாரியே காரணம். இதைச் சோனி 2000-இல் அறிந்திருந்தது, 2013-இல் மறந்திருந்தது, 2020-இல் மீண்டும் நினைவுகூர்ந்தது.

அந்த 2020-ஆம் ஆண்டுப் பிளேஸ்டேஷன் 5, பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த 4,000-க்கும் மேற்பட்ட விளையாட்டுகளில் ஏறக்குறைய அனைத்தையும் ஏற்கிறது. வெளியீட்டின்போது ஓடாதவை என்று சோனி கொடுத்த பட்டியலில் இருந்தவை பத்துதான். புதிய சிப்பை வடிவமைக்கும்போதே பழைய எந்திரத்தின் நடத்தையை அதில் பொதித்துவிட்டார்கள் என்பதைக் கட்டமைப்பாளர் மார்க் செர்னி வெளியீட்டுக்கு முன் நிகழ்த்திய உரையில் விளக்கினார். பிளேஸ்டேஷன் 4-இன் மேம்பட்ட மாடலான ப்ரோவில் இருந்த அதே எண்ணிக்கையில், 36 கிராஃபிக்ஸ் கணிப்பலகுகள் இதிலும் இருப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தியாவில் அந்தக் கன்சோல் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது. அதற்கான சோனியின் புதிய விளையாட்டுகளில் முதன்மையானவை 4,999 ரூபாய். பத்து விளையாட்டுகள் வாங்கினால் இன்னொரு கன்சோலின் விலை. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகள் ஓடுகின்றன என்பது எனக்கு ஒரு கூடுதல் வசதியாகத் தெரியவில்லை. கன்சோலை வாங்கலாம் என்று நான் துணிந்ததே அதனால்தான். முதல் ஆண்டில் நான் விளையாடியவை பெரும்பாலும் பழைய டிஸ்க்குகள், அவற்றிலும் பாதி இரண்டாங்கையாக வாங்கியவை. 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' போன்ற சிலவற்றுக்குத் தயாரிப்பாளர்களே புதுப்பிப்பு வழங்கியிருந்ததால் நொடிக்கு 60 சட்டங்கள் (ஃபிரேம்கள்) என்ற வேகத்தில் ஓடின. 2015-இன் 'பிளட்போர்ன்' விளையாட்டுக்கு அப்படி எதுவும் வரவில்லை என்பதால், அத்தனை வலிமையான எந்திரத்திலும் அது பழைய 30 சட்டங்களிலேயே நடைபோடுகிறது. ஏற்றும் நேரம் மட்டும் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் பிளேஸ்டேஷன் 3 டிஸ்க்குகள் இன்றும் அதில் ஓடா. அவற்றுக்குச் சோனி தரும் தீர்வு, தொலைவிலுள்ள சர்வரில் விளையாட்டை ஓட்டி, படத்தை மட்டும் இணையம் வழியாக நமக்கு அனுப்புவது. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவின் உச்சப் படிநிலையான பிரீமியத்தில் அது உண்டு. 2022-இல் அந்தச் சந்தா இந்தியாவுக்கு வந்தபோது பிரீமியத்துக்குப் பதிலாக டீலக்ஸ் என்ற படிநிலையே வந்தது. அதில் ஸ்ட்ரீமிங் இல்லை. ஆக, மறுபதிப்புப் பெற்ற சிலவற்றைத் தவிர, ஒரு தலைமுறை நூலகத்தின் பெரும்பகுதி பழைய பிளேஸ்டேஷன் 3 இல்லாமல் நமக்குக் கிடைக்காது. இணக்கத்தைச் சர்வரிடம் ஒப்படைத்தால் அது புவியியலுக்கும் கட்டுப்பட்டதாகிவிடுகிறது.

எல்லா முறிவுகளையும் நான் கண்டிப்பதாக நினைக்க வேண்டாம். நிண்டெண்டோ 2001-இன் கேம்கியூப் தொடங்கி 2006-இன் வீ, 2012-இன் வீ யூ வரை ஒரே பவர்பிசி குடும்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. இணக்கம் அதனால் எளிதாயிற்று. ஆனால் வீ யூ அதன் காலத்துக்கு வலுக்குறைந்த கன்சோலாக நின்றது, 1.356 கோடி மட்டுமே விற்றது. 2017-இல் வந்த ஸ்விட்ச் அந்தத் தொடர்பை முற்றிலும் அறுத்தது. கையில் எடுத்துச் செல்லும் ஒரு பெட்டியில் டிஸ்க் டிரைவுக்கும் இடமில்லை, பழைய புராசஸருக்கும் இடமில்லை. அறுக்காமல் ஸ்விட்ச் பிறந்திருக்காது. 'மரியோ கார்ட் 8' வீ யூவில் 80 லட்சத்துச் சொச்சம் பிரதிகள் விற்றது. அதன் ஸ்விட்ச் பதிப்பு ஆறு கோடியைத் தாண்டிவிட்டது. அதை வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்த விளையாட்டை முதன்முறையாக வாங்கியவர்களே என்பதால், மறுவிற்பனை என்று அங்கே குற்றம் சாட்டுவது கடினம். இரண்டு முறை பணம் கொடுத்த அந்தச் சிறுபான்மையினருக்கு ஒரு தள்ளுபடியாவது தந்திருக்கலாம் என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

கோடிக்கணக்கான வீடுகளில் ஸ்விட்ச் குடியேறிய பிறகு நிண்டெண்டோவால் அப்படி அறுக்க முடியவில்லை. 2025 ஜூன் 5 அன்று வந்த ஸ்விட்ச் 2, பழைய கார்ட்ரிட்ஜ்களை ஏற்கிறது. இதில் பழைய சிப் இல்லை. பழைய விளையாட்டின் கட்டளைகளைப் புதிய சிப்புக்குப் புரியும்படி ஓடும்போதே மாற்றிக் கொடுக்கும் ஒரு வழி இது. முழு எமுலேட்டருக்கும் வன்பொருள் இணக்கத்துக்கும் இடைப்பட்டது என்று அதன் பொறியாளர்களே விளக்கினார்கள். 15,000-க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் கொண்ட நூலகத்தை இதற்காகச் சோதிக்க வேண்டியிருந்தது. விடுபட்டவை சில சுவையானவை. 'ரிங் ஃபிட் அட்வென்சர்' உடற்பயிற்சி விளையாட்டில் கன்ட்ரோலரை வளையத்தில் செருக வேண்டும். புதிய கன்ட்ரோலர் அளவில் பெரியது என்பதால் அதில் நுழையாது, பழையதையே இணைத்துக்கொள்ள வேண்டும். அட்டையை மடித்துச் செய்த லேபோ பொம்மைகளில் கண்ணில் வைத்துப் பார்க்கும் மெய்நிகர்க் கண்ணாடி ஒன்று உண்டு. கன்சோலே பெரிதாகிவிட்டதால் அது அந்த அட்டைக்குள் அடங்காது. நிரலை மொழிபெயர்க்க வழி கண்டவர்களால் அட்டைப்பெட்டியின் அளவை மொழிபெயர்க்க முடியவில்லை.

கடைகள் மூடப்படும் செய்திகளை வரிசையாகப் பார்த்தால் இந்த விவகாரத்தின் அவசரம் புரியும். நிண்டெண்டோவின் வீ யூ, கையடக்கமான 3டிஎஸ் ஆகியவற்றின் இணையக் கடைகள் 2023 மார்ச்சில் மூடப்பட்டன. எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை 2024 ஜூலையில். பிளேஸ்டேஷன் 3, கையடக்கமான வீட்டா ஆகியவற்றின் கடைகளை மூடப்போவதாக 2021-இல் அறிவித்த சோனி, எதிர்ப்பு வலுத்ததும் சில வாரங்களில் பின்வாங்கியது. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று எந்தக் கடையிலும் சட்டப்படி வாங்கக் கிடைப்பதில்லை என்று கண்டது. கன்சோல் நிறுவனங்கள் தேர்ந்தெடுத்து மறுபதிப்புச் செய்பவை எஞ்சிய 13 விழுக்காட்டுக்குள்தான் அடங்கும். விற்பனைக்கு லாயக்கில்லை என்று யாரும் தொடாத விளையாட்டையும் பாரபட்சமின்றி ஓட்டுவது, முதல் பிளேஸ்டேஷன் 3-இல் இருந்ததைப் போன்ற, பட்டியல் பார்க்காத இணக்கம் மட்டும்தான்.

டிஸ்க் டிரைவின் நிலைமையும் இதே அளவுக்குக் கவலை தருகிறது. 2024 நவம்பரில் 699.99 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் டிரைவ் இல்லை. தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். நிரல் அளவில் பழைய விளையாட்டுகளை முழுமையாக ஏற்கும் கன்சோல், டிஸ்க்கை நுழைக்க வாயில்லாத கன்சோலாகவும் இருக்கலாம் என்பது புதிய வகைச் சங்கடம். இணையக் கணக்கில் பதிவிறக்கமாக வாங்கியவர்களுக்கு இணக்கம் தொடரும், டிஸ்க்காக வாங்கியவர்களுக்கு அறுந்துபோகும். பழைய டிஸ்க்குகளை இரவல் வாங்கியும் மாற்றிக்கொண்டும் இரண்டாங்கையாக விற்றும் விளையாடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு இதன் பொருள் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் புரியும்.

2025 ஜூனில் மைக்ரோசாஃப்ட், சிப் வடிவமைக்கும் ஏஎம்டி நிறுவனத்தோடு சேர்ந்து அடுத்த தலைமுறை எக்ஸ்பாக்ஸை உருவாக்குவதாகவும், இப்போதுள்ள நூலகத்தோடு அதன் இணக்கம் தொடரும் என்றும் அறிவித்தது. நல்ல செய்திதான். அந்தக் கன்சோலின் விவரங்கள் வெளியாகும் நாளில் கிராஃபிக்ஸ் வலிமை பற்றிய எண்களை மற்றவர்கள் அலசட்டும். நான் முதலில் பார்க்கப்போவது டிரைவ் உள்ளே இருக்கிறதா, தனி விலைக்கு வருகிறதா, அல்லது அறவே இல்லையா என்பதை; அடுத்ததாக, பழைய டிஸ்க்கைப் போட்டதும் அது இணையம் இல்லாமல் ஓடுமா என்பதை. இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், இப்போதுள்ள கன்சோலுக்கே ஒரு புதிய விசிறியும் வெப்பப் பசையும் வாங்கிப் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவேன்.